ஸ்ரீநகர் படகு வீடு: எங்கே கட்டியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: நாங்கள் ஏழு பேர், கல்லூரிக் காலத்து நண்பர்கள். ஏப்ரல் இரண்டாம் வாரம் ஸ்ரீநகர் போகிறோம். ஐந்து இரவுகள். ஐந்தையும் தால் ஏரிப் படகு வீட்டிலேயே கழிக்க ஆசை. ‘டீலக்ஸ் ஹவுஸ்போட்’ என்று ஒரு ஏஜென்ட் பேக்கேஜ் அனுப்பியிருக்கிறார். நம்பி எடுக்கலாமா? எங்களில் ஒருவர் சுத்த சைவம், இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது.
(கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்:

படகு வீட்டில் தாராளமாகத் தங்குங்கள். ஆனால் ஐந்து இரவும் வேண்டாம். முதல் இரண்டு இரவு படகில், மீதி மூன்று கரையில் ஒரு ஹோட்டலில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்பு அந்தப் பேக்கேஜை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். படகின் பெயர் இருக்கிறதா? எந்தப் படித்துறையிலிருந்து ஏற வேண்டும் என்று இருக்கிறதா? பெரும்பாலும் ‘டீலக்ஸ்’ என்ற ஒரு வார்த்தையும், மரவேலைப்பாடு மின்னும் இரண்டு புகைப்படங்களும்தான் இருக்கும். அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

ஆலப்புழா போய் வந்தவர்கள் ஒரு எண்ணத்தோடு வருவார்கள். அங்கே படகு நகரும், காயல் முழுக்கச் சுற்றிக் காட்டும். ஸ்ரீநகர்ப் படகு வீடு நகராது. கட்டிய இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கும். வெளியாட்கள் காஷ்மீரில் நிலம் வாங்க முடியாதிருந்த மன்னராட்சிக் காலத்தில், வெள்ளைக்காரர்கள் கோடையைக் கழிக்கத் தண்ணீர் மேல் அமைத்துக்கொண்ட வீடுகள் இவை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பழக்கம். ஆகவே இதை ஒரு வீடாகவே நினைத்துத் தேடுங்கள். வீடு பார்க்கும்போது சுவரின் நிறத்தை விடத் தெருவைத்தானே முதலில் விசாரிப்போம்? அதே கணக்குதான் இங்கேயும்.

‘தெரு’ என்று பார்த்தால் நான்கு விதம் உண்டு.

முதலாவது, புல்வார்டு சாலைக்கு எதிரே, டால்கேட்டிலிருந்து நேரு பார்க் வரை வரிசையாக நிற்கும் படகுகள். படங்களில் நாம் பார்க்கும் தால் ஏரி இதுதான். கரையிலிருந்து ஷிகாரா என்னும் சின்னத் துடுப்புப் படகில் சில நிமிடங்களில் போய்விடலாம். முன்பக்கத் திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே சங்கராச்சாரியார் மலை, சாலை விளக்குகள், போகிற வருகிற படகுகள். கலகலப்பு பிடிக்குமென்றால் இதற்கு இணை இல்லை. ஆனால் சாலையில் வாகனச் சத்தம் இரவு வெகுநேரம் அடங்காது. சாமான் விற்கும் படகுகளும் திண்ணைக்கே வந்துவிடும். குங்குமப்பூ, காகிதக்கூழ்ப் பெட்டி, நகை, காஷ்மீரி உடையில் போட்டோ, கஹ்வா தேநீர், கபாப் என்று ஒவ்வொருவராக வருவார்கள். முதல் ஒரு மணி நேரம் வேடிக்கையாக இருக்கும், அப்புறம் அலுத்துப்போகும். வேண்டாமென்றால் சிரித்த முகத்தோடு ஒரே முறை சொல்லுங்கள். விலை கேட்டுவிட்டால் அவர் கிளம்ப அரை மணி நேரமாகும்.

இரண்டாவது, அந்த முன்வரிசைக்குப் பின்னால் உள்ள இரண்டாம், மூன்றாம் வரிசைகள். வாடகை குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் எதிரே தெரிவது அடுத்த படகின் முதுகுதான். ‘ஏரி பார்த்த அறை’ என்று சொல்லி இதைக் கொடுத்துவிடுவது நடக்கிற விஷயம். ஆகவே “முன் திண்ணையில் நின்றால் திறந்த தண்ணீர் தெரியுமா? எத்தனையாவது வரிசை?” என்று நேரடியாகக் கேளுங்கள். படகுக்காரரையே திண்ணையிலிருந்து ஒரு வீடியோ கால் போடச் சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாவது நிகீன் ஏரி. தாலோடு இணைந்த சின்ன ஏரி, புல்வார்டிலிருந்து காரில் போகும் தூரம். தண்ணீர் விரிந்து, தெளிவாக, அமைதியாக இருக்கும். சில படகுகளுக்குக் கரையிலிருந்து நடந்தே ஏறலாம். உங்களைப் போல இரவு முழுக்கப் பேசிச் சிரிக்கப் போகும் கூட்டத்துக்கு நான் சொல்வது இதைத்தான். முன்வரிசைக் கூச்சல் இல்லை, நீங்கள் போடும் கூச்சல் பக்கத்துப் படகுக்கு அவ்வளவாகக் கேட்காது. கடைத்தெரு பக்கத்தில் இல்லை என்பதுதான் ஒரே குறை. மாலையில் டால்கேட் பக்கம் போய் வர ஆட்டோவோ காரோ வேண்டும்.

நான்காவது, ஜீலம் நதியின் படகுகள். நகரத்தின் நடுவே, கரையோடு கரையாக நிற்பவை. மரப்பலகை வழியாக ஏறிவிடலாம், வாடகையும் மலிவு. ஏரிக் காட்சி கிடையாது. ஷிகாராவில் ஏறவே பயப்படுகிற பெற்றோரோடு போகிறவர்களுக்குச் சரி. உங்களுக்குத் தேவைப்படாது.

இடம் முடிவானதும் படகைப் பாருங்கள். ஜம்மு காஷ்மீர் சுற்றுலாத் துறை படகு வீடுகளைப் பதிவுசெய்து டீலக்ஸ், ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்திருக்கிறது. படகின் பெயர், பதிவு எண், தரம், காட் எண் (படித்துறையை அங்கே ‘காட்’ என்பார்கள்) இந்த நான்கும் எழுத்தில் வேண்டும் என்று ஏஜென்டிடம் சொல்லுங்கள். கொடுக்கத் தயங்கினால் அந்தப் பேக்கேஜை அங்கேயே விட்டுவிடலாம். இன்னொரு சங்கதி: புதிதாகப் படகு வீடு கட்ட வெகுகாலமாக அனுமதி கிடையாது. பழையதைப் பழுதுபார்க்கக்கூட அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். அதனால் நீங்கள் தங்கப் போவது அநேகமாக வயதான படகுதான். நன்றாகப் பராமரித்திருந்தால் அந்த வயதே ஒரு அழகு. வால்நட் மரத்தில் செதுக்கிய மேசைகள், சின்னச் சின்ன மரத்துண்டுகளைக் கோத்த கத்தம்பந்த் கூரை, தேவதாரு வாசனை எல்லாம் இருக்கும். பராமரிக்காவிட்டால் தரை ஒருபக்கம் சாயும், குளியலறையில் ஈரநாற்றம் அடிக்கும். பழைய புகைப்படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த சீசனில் எடுத்த வீடியோவாக, அதுவும் குளியலறை வீடியோவாகக் கேளுங்கள். வரவேற்பறை எல்லாப் படகிலும் அழகாகத்தான் இருக்கும்.

ஏழு பேர் என்பதால் நான்கு அறைப் படகை முழுதாக எடுத்துவிடுவது நல்லது. படகின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் ஏன் என்று புரியும். முன்னால் திண்ணை, அடுத்து வரவேற்பறை, அதற்கடுத்து சாப்பாட்டு அறை, பின்பு ஒருபக்கமாக ஓடும் நடைவழியில் வரிசையாகப் படுக்கையறைகள். சுவர் எல்லாம் மரம். ஒரு அறையில் பேசுவது அடுத்த அறையில் கேட்கும். மூன்று அறை உங்களுக்கு, நாலாவது அறை கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பத்துக்கு என்று ஆகிவிட்டால் இரண்டு தரப்புக்கும் தூக்கம் போச்சு. வரவேற்பறையில் பத்து மணிக்கு மேல் உட்காரவும் சங்கடமாக இருக்கும். ஐந்து அறைப் படகென்றால், ஐந்தாவது அறையை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று முன்பே பேசி வாங்கிக்கொள்ளுங்கள். அறைகள் ஒரே அளவில் இருக்காது, கடைசி அறைதான் பெரும்பாலும் பெரியது. சீட்டு குலுக்கிப் போட்டுவிடுங்கள். பயணத்தின் முதல் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

வெந்நீரைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் பகலில் 20 டிகிரிக்கு அருகில் இருக்கும், விடியற்காலையில் ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும். மழையும் உண்டு. ஒரு கீசரை நான்கு அறைகள் பகிர்ந்துகொண்டால் ஏழாவது ஆள் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இருக்கிறதா என்பதும் அதே மூச்சில் கேட்க வேண்டிய கேள்வி. கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேட்கலாம். கரைச் சாக்கடையோடு இணைத்த படகைத் தேர்ந்தெடுப்பது ஏரிக்கு நாம் செய்யும் மரியாதை.

நீச்சல் தெரியாத இருவரும் தண்ணீரை நினைத்து அதிகம் கவலைப்பட வேண்டாம். தால் ஏரியின் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் அளவுதான். நிகீன் அதைவிட ஆழம். ஆனால் ஆழம் குறைவு என்று அசட்டையாகவும் இருக்கக் கூடாது. அடியில் சேறும் கொடியும் அடர்ந்து கிடக்கும், விழுந்தவர் எழுந்து நிற்பது சுலபமில்லை. ஷிகாராவில் ஏறும்போது நடுவில் கால் வைத்து உடனே உட்கார்ந்துவிடுங்கள், லைஃப் ஜாக்கெட் கேட்டுப் போடுங்கள். ஒரு ஷிகாராவில் நான்கு பேர் போதும், நீங்கள் ஏழு பேருக்கு இரண்டு வேண்டும். “எல்லாரும் ஒண்ணா போயிடலாம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மதியத்துக்கு மேல் மலைப்பக்கமிருந்து திடீரென்று காற்று கிளம்பும். கருமேகம் கூடினால் படகோட்டியே திரும்பலாம் என்பார். அப்போது “காசு கொடுத்திருக்கோம்” என்று வாதாட வேண்டாம்.

தண்ணீரை விட நான் பயப்படுவது தீக்கு. 2023 நவம்பரில் தால் ஏரியில் 9-ஆம் எண் காட் அருகே அதிகாலையில் பற்றிய தீயில் ஐந்து படகு வீடுகள் எரிந்தன. வங்கதேசத்திலிருந்து வந்திருந்த மூன்று சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் நிகீனில் ஏழு படகுகள் ஒரே இரவில் சாம்பலாயின. காய்ந்த தேவதாரு, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் படகுகள், கூடவே காற்று. ஒன்றில் பிடித்தால் அடுத்ததுக்குத் தாவ அதிக நேரம் ஆகாது. அதனால் அறைக்குள் போனதும் பெட்டியைத் திறப்பதற்கு முன்பு முன்வாசலும் பின்வாசலும் எங்கே என்று நடந்து பார்த்துவிடுங்கள். இரவில் பின்கதவைப் பூட்டினால் சாவி எங்கே இருக்கும் என்று கேளுங்கள். தீயணைப்பு சிலிண்டர் கண்ணில் பட வேண்டும். புகாரி என்னும் விறகடுப்பு ஏப்ரலிலும் சில இரவுகளில் தேவைப்படலாம். அதைப் படகுக்காரர்தான் பற்றவைக்க வேண்டும், நீங்கள் தூங்கப் போகும்முன் அவரே அணைக்க வேண்டும். மூடிய அறையில் அது எரிந்துகொண்டே இருந்தால் புகையில் மூச்சுத்திணறும் ஆபத்தும் உண்டு. மின்சாரக் கம்பளியைப் படுக்கை சூடாகும்வரை போட்டுவிட்டு, படுக்கும்போது நிறுத்திவிடுங்கள். அறைக்குள் சிகரெட் கூடவே கூடாது.

சரி, ஐந்து இரவும் ஏன் வேண்டாம் என்றேன்? குல்மார்க், பஹல்காம், சோனமார்க் மூன்றும் ஸ்ரீநகரிலிருந்து போய் வரும் இடங்கள். குல்மார்க் ஐம்பது கிலோமீட்டர், சோனமார்க் எண்பது, பஹல்காம் தொண்ணூறுக்கு மேல். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால்தான் பிரயோஜனம். படகிலிருந்து ஏழு பேர் எழுந்து, வெந்நீருக்கு வரிசை நின்று, சாப்பிட்டு, இரண்டு நடையாக ஷிகாராவில் கரைக்கு வந்து காரில் ஏற ஒன்பதாகிவிடும். மாலை களைத்துத் திரும்பும்போது மறுபடி படித்துறையில் நின்று படகுக்காக போன் அடிக்க வேண்டும். அப்படி வந்து இருட்டில் சாப்பிட்டுத் தூங்குவதற்குப் படகு வீடு எதற்கு? அதன் சுகமே பகலில் ஒன்றும் செய்யாமல் திண்ணையில் கிடப்பதில் இருக்கிறது. கோவையிலிருந்து வந்த அலுப்போடு முதல் இரண்டு நாள் அங்கே இருங்கள். உயரம் 1,600 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, நம் ஊட்டியை விடத் தாழ்வு, மூச்சு வாங்காது. ஊர் சுற்றும் நாட்களுக்கு ஹோட்டல்.

படகு நாட்களில் ஒருநாள் விடியற்காலை மிதக்கும் காய்கறிச் சந்தைக்குப் போய் வாருங்கள். முந்தின இரவே ஷிகாராக்காரரிடம் சொல்லிவைத்து, ஐந்து மணிக்கு முன்பே கிளம்ப வேண்டும். ஏழு மணிக்கெல்லாம் கலைந்துவிடும். ஏரிக்குள் மிதவைத் தோட்டங்களில் விளைந்த கீரை, நூல்கோல், தாமரைத் தண்டு எல்லாம் படகிலிருந்து படகுக்குக் கைமாறும். அது மொத்த வியாபாரம், நமக்காக நடத்தும் காட்சியில்லை. அவர்கள் படகுக்குக் குறுக்கே நிறுத்தி செல்ஃபி எடுக்காதீர்கள். மறுநாள் மாலை நிஷாத், ஷாலிமார் தோட்டங்களை ஷிகாராவில் போயே பார்க்கலாம், நேரம் அதிகம் பிடிக்கும். படித்துறையில் அரசு நிர்ணயித்த ஷிகாரா கட்டணப் பலகை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, மணிக்கணக்கா இடக்கணக்கா என்று தெளிவாகப் பேசி ஏறுங்கள். துலிப் தோட்டம் நீங்கள் போகும் நேரத்தில் திறந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மார்ச் கடைசியில் திறந்து மூன்று நான்கு வாரம் பூத்திருக்கும். முதல் நாளே போய்விடுங்கள், ஒரு பெரிய மழை போதும் இதழ் எல்லாம் கொட்ட.

சாப்பாட்டுக்கு வருவோம். காஷ்மீரிகளும் நம்மைப் போலச் சோற்றுக்காரர்கள்தான், இரண்டு வேளையும் சோறு. உங்கள் சைவ நண்பர் பட்டினி கிடக்க மாட்டார். ராஜ்மா, ஹாக் கீரை, தயிரில் வேகவைத்த தாமரைத் தண்டு, தம் ஆலு, பனீர் எல்லாம் கிடைக்கும். கடுகெண்ணெய் வாசனைக்கு மட்டும் மனதைத் தயார் செய்யச் சொல்லுங்கள். படகின் பின்னால் குடியிருக்கும் உரிமையாளர் குடும்பம்தான் பெரும்பாலும் சமைக்கிறது. கடை மாதிரி நினைத்த நேரத்தில் ஆர்டர் போட முடியாது. காலையிலேயே இரவுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சைவத்துக்குத் தனிப் பாத்திரம் வேண்டுமென்றால் பதிவுசெய்யும்போதே கேட்டு, முடியும் என்றால் மட்டும் எடுங்கள்.

நண்பர்கள் கூட்டம் என்றால் கேட்காமல் விடும் ஒரு கேள்வி இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். மது. காஷ்மீரில் உரிமம் பெற்ற கடைகள் சில உண்டு. ஆனால் நீங்கள் தங்குவது ஒரு இஸ்லாமியக் குடும்பத்தின் வீட்டை ஒட்டி. சில உரிமையாளர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள், சிலருக்கு அறவே பிடிக்காது. பதிவுசெய்யும்போதே நேராகக் கேளுங்கள், வேண்டாம் என்றால் மதித்து விட்டுவிடுங்கள். நீச்சல் தெரியாதவர் இருட்டில் திண்ணைப் படிக்கட்டில் தள்ளாடுவதை நினைத்தால், வேண்டாம் என்பதே எனக்கும் சரியாகப் படுகிறது.

போனைப் பற்றி இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டும்தான். படகின் வைஃபையை வைத்து வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம். ஆனால் வங்கி ஓடிபி உங்கள் எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸாகத்தான் வரும், அது வராது. குல்மார்க் கொண்டோலா (ரோப் கார்) டிக்கெட் ஆன்லைனில் மட்டும் விற்கிறது, சீசனில் சீக்கிரமே தீர்ந்தும் போகும். ஆகவே அதைக் கிளம்பும் முன்பே கோவையில் இருந்து எடுத்துவிடுங்கள். ஏழு பேரில் மூன்று பேராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள், கையில் ரொக்கமும் வைத்திருங்கள். எல்லாரிடமும் அசல் ஆதார் அட்டை இருக்கட்டும், வழியில் சோதனைச் சாவடிகளில் கேட்பார்கள். டிரோனை எடுத்துவர வேண்டாம்.

பணம் கட்டுவதில் ஒரு எச்சரிக்கை. விமான நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ கார்க்காரர் “அந்தப் படகு நல்லா இல்லை, மூழ்கிடுச்சு, ஃபுல் ஆகிடுச்சு, நான் வேற காட்டுறேன்” என்று ஆரம்பித்தால் காதில் போட்டுக்கொள்ளாமல் காட் எண்ணை மட்டும் திரும்பச் சொல்லுங்கள். படகுக்காரரை அந்தப் படித்துறைக்கு வந்து நிற்கச் சொல்லியிருக்க வேண்டும். கரைக்கும் படகுக்கும் போய்வரும் ஷிகாரா வாடகையில் சேர்த்தியா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, இரவு எத்தனை மணி வரை என்பதையும் எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். படகுக்காரர் தன் கார், தன் குதிரைக்காரர், தன் சால்வைக் கடை என்று ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, சீசன் குறுகியது, அதில்தான் ஆண்டு முழுக்கச் சாப்பிட வேண்டும். இருந்தாலும் அறை வாடகையையும் கார் வாடகையையும் தனித்தனியாகப் பேசுங்கள். பஹல்காம், குல்மார்க்கில் உள்ளூர்ச் சுற்றுக்கு அங்கத்திய யூனியன் வண்டிதான் எடுக்க வேண்டும், அது உங்கள் கார் கணக்கில் வராது.

2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு பல சுற்றுலா இடங்களை மூடி, பின்பு கட்டம் கட்டமாகத் திறந்தார்கள். கிளம்பும் வாரத்தில் எது திறந்திருக்கிறது என்று சுற்றுலாத் துறையிடமோ ஹோட்டலிடமோ கேட்டு, நாள் திட்டத்தைக் கொஞ்சம் இளக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கோவை என்பதால் சொல்கிறேன். கன்னியாகுமரியிலிருந்து கட்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. கட்ராவில் இறங்கி, 2025 ஜூனில் தொடங்கிய ஸ்ரீநகர் வந்தே பாரத்தில் மாறினால் மூன்று மணி நேரப் பயணம், செனாப் ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே உள்ள பாலத்தையும் கடந்துவிடலாம். மூன்று இரவு ரயிலில் சீட்டு விளையாடத் தயாரென்றால் போகும்போது அப்படிப் போங்கள், திரும்பும்போது விமானம். உருட்டும் பெட்டியை விட முதுகுப்பையே நல்லது, ஷிகாராவில் ஏற்றி இறக்க அதுதான் தோது. ஸ்ரீநகர் விமான நிலையத்தில் வெளிவாசலிலேயே எல்லாரும் இறங்கி மூட்டைகளை ஸ்கேன் செய்ய வேண்டும், உள்ளே மறுபடி சோதனை. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். கடைசி இரவைக் கரையில் வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.